ஓட்டையில்லாத டேங்க்

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கே கலவைப் பிரிவுக்குத் தலைவர் பர்சானா. வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். வயது ஐம்பத்தொன்று.

ஏகாம்பரம் பெயின்ட் கம்பெனியில் மிக்ஸர் ஓட்டியே தலை நரைத்தவர். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே இருந்ததெல்லாம் பழைய மாதிரி டேங்க். உச்சியில் மோட்டார், அதிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு ஷாஃப்ட், அதன் நுனியில் துடுப்பு. சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். கோளாறு வந்தால் கத்தும், ஒழுகும், நாறும். வீட்டு மாடு மாதிரி. முகத்தைப் பார்த்தே என்ன நோவென்று சொல்லிவிடலாம்.

இங்கே இருந்த டேங்க் வேறு மாதிரி. மேலே ஒன்றுமில்லை. கீழே வயிற்றுக்கு அடியில் ஒரு மோட்டார் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஏகாம்பரம் முட்டி போட்டு டேங்க்குக்கு அடியில் புகுந்துவிட்டார். நெடுநேரம் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னண்ணா தேடுறீங்க?"

"ஷாஃப்ட் உள்ள போற ஓட்டையைத் தேடுறேன் மேடம். காணோமே."

"ஓட்டையே கிடையாது."

"அப்புறம் எப்படி உள்ள சுத்தும்?"

"காந்தம். மோட்டார் வெளியில ஒரு காந்தத்தைச் சுத்த வைக்கும். உள்ள இருக்கிற சக்கரத்துல ஒரு காந்தம் இருக்கு. நடுவுல தகடு. இது சுத்தினா அது சுத்தும்."

"தொடாமயா?"

"தொடாமதான். ஓட்டை போட்டா அது வழியா கிருமி உள்ள போகும், மருந்து வெளிய வரும். அதனால ஓட்டையே போடல."

ஏகாம்பரம் டேங்க்கடியில் உட்கார்ந்தபடியே பர்சானாவை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். இந்த அம்மாவிடம்தான் இனி பாடம். வயதில் சின்னவராக இருந்தால் என்ன?

நன்றாகவே கற்றுக்கொண்டார். தண்ணீர் எவ்வளவு, தூளை எப்போது கொட்டுவது, வேகத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது, எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஒரே அடியாக வேகத்தைத் தூக்கினால் காந்தப் பிடி நழுவிவிடும் என்று பர்சானா சொல்லியிருந்தார். குழம்பு கெட்டியாக இருந்தாலும் நழுவும். நழுவினால் உள்ளே சக்கரம் நின்றுபோகும். வெளியே மோட்டாருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் காட்டுகிற வேகமும் மோட்டாரின் வேகம்தான்.

அதற்காகவே ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். மோட்டாருக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், மிளகு அளவுக்குச் சின்ன விளக்கு. உள்ளே சக்கரம் உண்மையிலேயே சுற்றினால் மட்டும் அது பச்சையாக எரியும். குனிந்தால்தான் கண்ணில் படும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏகாம்பரம் கேட்டார்.

"மேடம், ஒழுக ஓட்டை இல்ல. தேய ஷாஃப்ட் இல்ல. காந்தம் நழுவினா விளக்கு சொல்லிடும். அப்ப இதுல தப்பு நடக்க வழியே இல்லையே?"

பர்சானா டிபன் பாக்ஸை மூடினார்.

"நாளைக்கு ட்ரயலை நீங்களே ஓட்டுங்கண்ணா" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. அது சாதாரண ட்ரயல் இல்லை. அடுத்து அந்த டேங்க்கில் செய்யப்போவது குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து. அந்த மருந்துத் தூள் தண்ணீரில் கரையாது, தூளாகவேதான் இருக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராக நிற்கும். நின்றுவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஒத்திகையாக வெறும் சுண்ணாம்புத் தூளைப் போட்டுக் கலக்கிப் பார்க்க வேண்டும். அதை ஓட்டுகிறவர்தான் மறுநாள் மருந்தையும் ஓட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஏகாம்பரம் உள்ளே போனபோது ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு பேர். அவர்களோடு லோகேஷ். அவனும் அதே பிரிவில் ஆபரேட்டர், இருபத்தைந்து வயது. எதைக் கேட்டாலும் படபடவென்று பதில் சொல்லக்கூடியவன். பர்சானா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டேங்க்கில் தண்ணீர் நிரம்பியிருந்தது. ஏகாம்பரம் பொத்தானை அழுத்தினார். மோட்டார் மெல்ல முனகியது. எண்கள் ஏறின. அவசரப்படவில்லை. கற்றுக்கொண்டபடி, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல, படிப்படியாக ஏற்றினார். தூளைக் கொட்டினார். மேல்மூடியில் இருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் கம்பெனியில் அத்தனை வருஷம் உழைத்தும் அப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை.

பர்சானா கேட்கத் தொடங்கினார்.

"தண்ணி அளவு?"

"சரியா இருக்கு மேடம்."

"வேகம்?"

"முன்னூறு. அசையாம நிக்குது."

"விளக்கு?"

"எரியுது மேடம்."

"உள்ள சுத்துறதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"நல்லா கலந்திருக்கா?"

"பால் மாதிரி கலந்திருக்கு."

பரிசோதனைக் கூடத்துக்காரர்களில் ஒருவர் லேசாகக் கை தட்டினார்.

பர்சானா சுவரோரம் இருந்த மேசைக்குப் போனார். அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

நான்கு இதழோடு ஒரு சக்கரம். பளபளவென்று இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஏகாம்பரம் அதைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஸ்பேரா மேடம்?"

"ஸ்பேர் இன்னும் வாங்கலண்ணா."

மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. திரையில் முன்னூறு என்று நின்றது.

லோகேஷ் சிரிக்க வாயெடுத்தான். யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

ஏகாம்பரம் மெதுவாகக் குனிந்தார். அன்று காலையில் அவர் குனிந்தது அதுதான் முதல் தடவை. முழங்கால் உயரத்தில் அந்தச் சின்ன விளக்கு இருந்தது. குருட்டுக் கண் மாதிரி இருண்டு கிடந்தது.

யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். யாரோ "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சின் மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அவமானம்தான் வெளியே துரத்தியது என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வேறு என்று தெரிந்தது.

விளக்கு எரிந்தது அவர் நினைவில் இருந்தது.

கண்ணை மூடினால் தெரிந்தது. பச்சையாக, தெளிவாக, இன்று காலை எரிந்த விளக்கு. எரியவே எரியாத விளக்கு. வேறு ஏதோ ஒரு நாள் எரிந்ததை மனசு எடுத்துக்கொண்டுவந்து இன்றைக்கு ஒட்டவைத்திருந்தது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடிப் பார்த்தார். ஒட்டு தெரியவில்லை.

பொய் சொல்லிப் பழகிய மனிதர் இல்லை அவர். அதனால்தான் பயமாக இருந்தது. திருடன் வெளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்தலாம். வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது?

அப்புறம் கோபம் வந்தது. நல்ல கோபம். சக்கரத்தைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, ஊரைக் கூட்டி வைத்து, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் யார்தான் விழமாட்டார்கள்? வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்தார். அங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

கூட்டம் கலைந்திருந்தது. பர்சானா மட்டும் டேங்க்கடியில் குந்தியிருந்தார். அடி வால்வைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மேடம் இப்படிச் செஞ்சீங்க?" ஏகாம்பரம் வாசலிலேயே நின்று கேட்டார். "என் வயசையாவது பார்த்திருக்கலாம். தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"தனியா கேட்டிருந்தா குனிஞ்சு பார்த்திருப்பீங்க."



பர்சானா வால்வை மூடிவிட்டு எழுந்தார். குவளையை ஜன்னலோரம் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குவளை இருந்தது. அருகருகே இரண்டும்.

"இது முதல்ல வந்தது. இது கடைசியா வந்தது."

முதல் குவளையில் இருந்தது தோசை மாவு மாதிரி இருந்தது. இரண்டாவதில் அரிசி கழுவிய தண்ணீர். அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

ஏகாம்பரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையை விடும் பேச்சு மறந்தேபோனது.

"இது மருந்தா இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார்.

பர்சானா முதல் குவளையைத் தொட்டார். "இதுல ஒரு ஸ்பூன் போதும். குழந்தை கண்ணு முழிக்காது."

இரண்டாவதைத் தொட்டார். "இதை பாட்டில் பாட்டிலா கொடுத்தாலும் வலிப்பு நிக்காது. அம்மாக்காரி ஸ்பூனைக் கையில வெச்சுக்கிட்டுப் பார்த்துட்டே இருக்க வேண்டியதுதான்."

"ரெண்டுலயும்..."

"ஒரே லேபிள்தான் ஒட்டியிருப்போம்."

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"டெஸ்ட்ல பிடிச்சிருப்பாங்க இல்ல மேடம்?" கெஞ்சுவது போலக் கேட்டார். "சாம்பிள் எடுப்பாங்களே?"

"எடுப்பாங்க. பிடிச்சாலும் பிடிச்சிருப்பாங்க."

பர்சானா கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேப்பாங்க. கலந்துடுச்சான்னு."

பால் மாதிரி என்று தான் சொன்னது ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பர்சானாவும் சற்றுத் தள்ளி, டேங்க்கின் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் குவளையில் மாவு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது.

"பொய் சொல்லணும்னு சொல்லல மேடம்."

"தெரியும்."

"பார்த்த மாதிரியே இருக்கு. இப்பக்கூட. கண்ணை மூடினா பச்சையா எரியுது."

"ம்."

"இது எத்தனை வருஷமா நடக்குதோ. பெயின்ட் கம்பெனியில எதையெல்லாம் பார்த்தேன்னு சொன்னேனோ." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "எது பார்த்தது, எது பார்க்காததுன்னு இப்ப எனக்கே தெரியல."

பர்சானா அவரைத் தேற்றவில்லை. எழுந்து போய் மேசைமேல் இருந்த சக்கரத்தை எடுத்து வந்து நீட்டினார்.

"டேங்க்கைக் கழுவிட்டு இதை மாட்டிடுங்க. நாளைக்குக் காலையில மருந்து."

ஏகாம்பரம் கையை நீட்டவில்லை.

"நான் வேணாம் மேடம்."

"ஏன்?"

"இன்னிக்கு இப்படி ஆனப்புறம் நான் எப்படி மேடம் அதைத் தொடுறது? குழந்தைங்க குடிக்கிறது." அவர் கண் கலங்கியிருந்தது. "லோகேஷை ஓட்டச் சொல்லுங்க. சூட்டிகையான பையன். இன்னிக்கு நடந்ததையெல்லாம் அவனும் பார்த்தான்."

பர்சானா சக்கரத்தை அவர் மடியில் வைத்தார்.

"ஆமாண்ணா. அவன் பார்த்தான். உங்களுக்கு நடந்துச்சு."