சக்கரத்துக்குப் போன கரண்ட்

"அம்மிணி, கரண்ட் போகுது. ஆனா பிரேக் புடிக்கல. இதுக்கு என்ன அர்த்தம்?"

பட்டறை வாசலில் நின்று செங்கோடன் கேட்டான். பாவாயி பதில் சொல்லாமல் உதட்டில் விரலை வைத்தாள்.

மௌனமே பதில் என்கிறாள் போல என்று நினைத்து, அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"பையன் தூங்குறானுங்கண்ணா," என்று கிசுகிசுத்தாள் அவள். "மெதுவாப் பேசுங்க."

பின்னால் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

பாவாயி மலையடிவாரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவள். செங்கோடன் ரெக்கவரி வண்டிக்காரன். வழியில் படுத்துவிட்ட வண்டிகளை டிரெய்லரில் ஏற்றி இழுத்து வருபவன். வயதில் அவளுக்கு அண்ணன், வித்தையில் சிஷ்யன். சேர்த்துக்கொள் என்று அவனேதான் வந்து கேட்டான். அவளும் சரியென்றாள். தூளியாட்ட ஒரு ஆள் தானாக வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவனுடைய டிரெய்லரின் சக்கரங்களுக்குள் காந்தம் உண்டு. முன்வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஒயர் வழியாகக் கரண்ட் போகும், காந்தம் டிரம்மைக் கவ்வும், டிரெய்லர் நிற்கும்.

இப்போது கவ்வ மாட்டேன் என்கிறது. காலையில் வெறும் டிரெய்லரோடு ஒரு சின்னச் சரிவில் இறங்கிப் பார்த்தான். வண்டி நின்றது. டிரெய்லர் பின்னாலிருந்து எருமை மாதிரி முட்டித் தள்ளியது.

மலை மேலே ஒரு ஜீப் அச்சு முறிந்து கிடக்கிறது. பஸ் போகாத ஊருக்கு இருக்கிற ஒரே ஜீப். அது கீழே வந்து சரியானால்தான் அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி. ஜீப் டிரைவர் வெள்ளையன் நடந்தே இறங்கி வந்து, பட்டறைக்கு வெளியே பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சிக்கு நாள் நெருங்கிருச்சுங்கண்ணா," என்றான். காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீயே வந்து ஒருக்கா பாத்துரு அம்மிணி," என்றான் செங்கோடன்.

"பாத்துருவேன். நடு மலையில மறுக்கா புடிக்காமப் போச்சுன்னா? தூளியோட நானும் வண்டியில வரட்டுங்களா?"

செங்கோடன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"அப்ப சொல்லிக் குடு. என்ன பண்றது?"

பாவாயி தூளியை ஒரு தள்ளு தள்ளினாள். தூளி அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் வந்தது.

"புரிஞ்சுருச்சு," என்றான் செங்கோடன்.

நேராகப் போய் டிரெய்லருக்கு அடியில் படுத்து, ஒயர்களை எல்லாம் பிடித்து ஆட்டினான். ஒவ்வொன்றாக ஆட்டினான். ஒன்றும் கழன்று வரவில்லை. தலையெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்தான்.

"ஆட்டிப் பாத்துட்டேன் அம்மிணி."

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"சிரிக்காத. காந்தம் புதுசு மாத்தியாச்சு. ஒயரும் புதுசு. டெஸ்ட் லைட்டோட கிளிப்பை முன்வண்டி இரும்புல மாட்டி, முனையைச் சக்கரத்து ஒயர்ல வெச்சுப் பாத்தேன். பளிச்சுனு எரியுது. கரண்ட் சக்கரம் வரைக்கும் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதான் போயிருச்சே."

"போயி?"

"போயி… போயிருச்சு."

பாவாயி தூளியை மறுபடி ஆட்டப் போய்விட்டாள்.

வெளியே இருந்து வெள்ளையன் எட்டிப் பார்த்தான். "அண்ணா, உங்க குரு என்ன சொல்லுது?"

"குருவா? ஒரு கேள்வி கேட்டா ஒம்பது கேள்வி கேக்குது. இதுக்கு நான் அந்தத் தூளியிலயே படுத்துக்கலாம்." செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டான். "பிரேக் இல்லாமயே இறக்குறேன். மொதல் கியர்ல உருட்டிக்கிட்டு வந்தா ஆச்சு."

"வேண்டாங்கண்ணா," என்றான் வெள்ளையன். முகம் வெளுத்துவிட்டது.

"உன் தங்கச்சிக்கு ஜீப் வேணுமா, வேண்டாமா?"

வெள்ளையன் மலையை அண்ணாந்து பார்த்தான்.

"நான் போறேன்," என்று சொல்லிவிட்டு செங்கோடன் வாசலைத் தாண்டக் காலை எடுத்தான்.

வாசலில் பாவாயியின் கை குறுக்கே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"போறேன்னு சொன்னேன்."

"மலைக்குக் கெளம்புற ஆளு சொல்ற பேச்சாண்ணா இது? ஊட்டுல அண்ணிகிட்டயும் இப்பிடித்தான் சொல்லிட்டுக் கெளம்புவீங்களா?"

செங்கோடனுக்கு வெட்கமாகிவிட்டது. எந்த ஊரில்தான் அப்படிச் சொல்வார்கள்? குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தான்.

"போயிட்டு வர்றேன்."

"காதுல விழல."

"போயிட்டு…"

அங்கேயே நின்றுவிட்டான்.

தூளி அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் வந்தது.

"அம்மிணி," என்றான் மெதுவாக. "போன கரண்ட் எந்த வழியா வருது?"

பாவாயி கையை எடுத்து வழிவிட்டாள்.

செங்கோடன் ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, டிரெய்லரின் முன்பக்கம் மண்டியிட்டான். கரண்ட் திரும்பி வருகிற எர்த் ஒயர் அங்கேதான் ஒரு போல்ட்டில் டிரெய்லரின் இரும்போடு முடுக்கியிருந்தது. ஒயர் இருந்தது. போல்ட் இருந்தது. இரண்டுக்கும் கீழே, கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு, நீலப் பெயிண்ட் இருந்தது.

ஆயுத பூஜைக்கு அவனே ஆசை ஆசையாக அடித்த பெயிண்ட். அந்த ஒயரைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு இடம் விடாமல் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் மறுபடி முடுக்கி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தான். கிளிப்பை முன்வண்டியில் மாட்டியதால் டெஸ்ட் லைட் எரிந்தது; காந்தத்துக்குப் போன கரண்டுக்கோ பெயிண்டைத் தாண்டித் திரும்ப வழியில்லை.

"நல்லாத்தாண்டா சாமி கும்பிட்டிருக்கேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

போல்ட்டைக் கழற்றினான். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். நீலம் போனது, அதற்கடியில் சிவப்புப் பூச்சு போனது, இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. ஒயரை அதன் மேல் வைத்து முடுக்கினான்.

"வெள்ளையா, வண்டியில ஏறிப் பிரேக்கை மிதி."

வெள்ளையன் மிதித்தான்.

செங்கோடன் சக்கரத்தில் காதை வைத்தான். உள்ளேயிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. ம்ம்ம் என்று, கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுகிற மாதிரி.

காலையில் முட்டித் தள்ளிய அதே சரிவில் இறங்கிப் பார்த்தார்கள். டிரெய்லர் நின்றது. மறுபடி இறங்கினார்கள். மறுபடி நின்றது. வேண்டுமென்றே இன்னொரு தடவையும் இறங்கினான் செங்கோடன், ஆசைக்கு.

அப்புறம் மலையேறினார்கள். ஊரே கூடி ஜீப்பை டிரெய்லரில் ஏற்றியது. நிறைமாத வயிற்றோடு தங்கச்சியும் வந்து, கயிற்றை இழுத்துக் கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

இறக்கம் தொடங்கியதும் வெள்ளையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

இருக்கிற வளைவுகளிலேயே செங்குத்தான கொண்டை ஊசி வளைவு வந்தது. திரும்பினால், எதிரே வேறு ஊருக்குப் போகிற பஸ். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, திணறிக்கொண்டு, மேலே ஏறி வருகிறது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.

செங்கோடன் மிதித்தான்.

பின்னால் ம்ம்ம் என்றது. முந்தானையைப் பிடித்துப் பிள்ளை இழுக்கிற மாதிரி, டிரெய்லர் அவனைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. ஜீப்போடு, அத்தனை கனத்தோடு, அந்தச் சரிவில் எல்லாம் அப்படியே நின்றது.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து பக்கத்தில் ஏறியது. ஜன்னலில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளையன் இன்னும் சாமிகளை முடிக்கவில்லை. நடுவில் நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அண்ணா, எப்பண்ணா நிக்கும்?"

"கண்ணைத் தொற மாப்ள," என்றான் செங்கோடன். "நாம நின்னு, பஸ்ஸே போயிருச்சு."