கால் படாத வியாபாரம்

ஒரு காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தது. அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. 'இந்த மண்ணில் கால் வைத்து விற்பவர்கள், விற்கும் பத்தில் ஒன்றை யானைகளுக்குக் கொடுக்க வேண்டும்.' யானைகள் அதைத் தின்றுவிட்டு ஏரிக்கரைக்கு மண் அணைக்கும். கரை நின்றால்தான் காட்டுக்குத் தண்ணீர்.

அதனால் ஒரு தேனடை கொண்டு வந்தால் முள்ளி ஒன்பது கிழங்கு தரும். பத்தாவது யானைக் கூடைக்குப் போகும். யாரும் முணுமுணுத்ததில்லை.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு கடை திறந்தது. அந்தக் கடைக்கு யாரும் போகவே வேண்டாம். கிளியிடம் சொல்லி அனுப்பினால் போதும். மறுநாள் காக்கை பறந்து வந்து வாசலில் கிழங்கைப் போட்டுவிட்டுப் போகும். அதுவும் ஒரு தேனடைக்கு முழுசாகப் பத்து!

கரடிக்குக் குஷி தாங்கவில்லை. தினமும் முள்ளியின் கடைக்கு வரும். ஒவ்வொரு கிழங்காக எடுத்து மோந்து பார்க்கும், அழுத்திப் பார்க்கும், ஒன்றைக் கடித்தும் பார்க்கும்.

"என்னண்ணே, எடுத்து வைக்கட்டுமா?" என்று முள்ளி ஆசையாகக் கேட்கும்.

"சும்மா ரகம் பார்த்தேன் தங்கச்சி! ஏய் கிளி, இதே சிவப்புக் கிழங்கு! குரங்கை அனுப்பச் சொல்லு!"

முள்ளி கடையை அப்படியே விட்டுவிட்டு நேராகச் சிங்கராஜாவிடம் போனது.

"ராஜா, இப்படியே போனா நான் கடையை மூட வேண்டியதுதான்! யானைங்களும் பட்டினி!"

அமைச்சர் நரி தொண்டையைக் கனைத்தது. "சட்டம் என்ன சொல்கிறது? கால் வைத்து! குரங்கு இங்கே கால் வைத்ததா? இல்லை. காக்கையாவது வைத்ததா? அதுவும் பறந்தபடியேதான் போடுகிறது. ஆகவே வரி கிடையாது!"

"அப்போ யானைகளுக்கு?" என்றது சிங்கம்.

"வாங்கியவர்களே நாணயமாக வந்து பத்தில் ஒன்றைக் கொடுக்கட்டும் ராஜா!" சொல்லும்போதே நரியின் மீசையில் சிவப்புக் கிழங்குத் துணுக்கு ஒட்டியிருந்தது.

உத்தரவு போட்டார்கள். காடே கைதட்டியது. ஆனால் வாங்கியவர்கள் யாரும் கூடையில் ஒரு கிழங்குகூடப் போடவில்லை. நரியும் போடவில்லை. வெட்கக்கேடு!

யானைகள் பசி பொறுக்காமல் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் சிங்கத்தின் குகைக்குள்ளேயே புகுந்தது. ராஜா நனைந்த பிடரியோடு கிழங்குக் கடைக்கு ஓடி வந்தது.

அங்கே முள்ளி ஓர் எருமையின் முதுகில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தது. பாவம், அந்த எருமை நெளிந்துகொண்டே நின்றது.

"முள்ளி! வரி எங்கே?"

"என் கால் மண்ணுல இல்லையே ராஜா! எருமை மேல இருக்கு. வேணும்னா அமைச்சரைக் கேளுங்க!"

ராஜாவின் பின்னாலேயே ஓடி வந்த நரி எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"நீயே சொல், என்னதான் செய்வது?" என்று சிங்கம் இறங்கி வந்தது.

"கால் எங்கே இருக்குன்னு பார்த்தது போதும் ராஜா. வாய் எங்கே இருக்குன்னு பாருங்க! கிழங்கைத் தின்னுற வாய் இந்தக் காட்டு வாய். தொண்டையில விக்கினா குடிக்கிறது இந்த ஏரித் தண்ணி. கொண்டு வர்ற காக்கையே பத்தாவது கிழங்கை யானைக் கூடையில போட்டுட்டு, மிச்சத்தை வாசல்ல போடட்டும்!"

சிங்கம் அன்றைக்கே சட்டத்தை மாற்றியது. குரங்கு கிளியிடம் அழுது சொல்லி அனுப்பியது: "காட்டுக்குக் காடு வேற வேற வரி! எதை எங்கே போடுறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிங்கம் உறுமியது. "கரடி எந்தப் புதருக்குப் பின்னால் குடியிருக்கிறது என்று தெரிகிறது. யானைக் கூடை மட்டும் தெரியாதோ?"

காக்கை கொண்டு வந்த பத்தாவது கிழங்கு கூடையில் விழுந்தது. யானைகள் திரும்பி வந்து கரையை அடைத்தன. முள்ளி எருமையை விட்டு இறங்கி, தன் பங்கையும் கூடையில் வைத்தது.

அன்றிலிருந்து கரடியின் வாசலில் ஒன்பதே கிழங்குகள். கரடி தலையைச் சொறிந்துகொண்டு முள்ளியின் கடைக்கு வந்தது.

"இங்கேயும் ஒன்பது, அங்கேயும் ஒன்பது. இங்கேன்னா மோந்து பார்த்து வாங்கலாம். போடு தங்கச்சி!"

"போடறேன் அண்ணே! முதல்ல நீங்க கடிச்சு வச்ச கிழங்கைப் போடறேன்!"

விற்பவன் எங்கே நிற்கிறான் என்று தேடுகிற அரசுக்குக் கரை உடையும்; வாங்கியவன் எங்கே வாழ்கிறான் என்று பார்த்து, பொருளோடு சேர்த்தே வரியை வாங்குகிற அரசுக்குத்தான் ஏரி நிறையும்.