வெள்ளைக் கோடு இல்லாத நீல வயர்

காருக்குச் சத்தம் விற்கும் கடை ஒன்றில் ஒரு குரு இருந்தாள். பலகையில் அவள் பெயர் கிடையாது. பலகையில் முதலாளியின் பெயர்தான், அதுவும் விளக்குப் போட்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பதைத் தொடவில்லை. சிஷ்யை பூவாத்தாள் நாற்பதைத் தாண்டியவள். மில் மூடியபின் கடையைப் பெருக்க வந்தவள், ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்த வயரெல்லாம் எங்க போவுதுங்க டீச்சர்?" என்று கேட்டாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து டீச்சர்.

போன மாதம் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் வேலையில் பெண்கள் என்று ஒரு நிகழ்ச்சி. ஜெசிந்தா பூவாத்தாளின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினாள்.

"எங்க அக்கா மேல எவனாவது பழி போட்டா முதல்ல நான் நிப்பேன்."

முதலாளி பின்னால் நின்று கைதட்டினார். அதுவும் டிவியில் வந்தது.

இன்று காலை வெள்ளைக் கார் ஒன்று கடைக்குத் திரும்பி வந்தது.

"ஆம்புல உசுரே இல்ல," என்றார் கார்க்காரர். "இங்க இருந்தப்ப நல்லாப் பாடுச்சு. வீட்டுக்குப் போனதும் ஊமை. புகுந்த வீட்டுக்குப் போன புள்ளையாட்ட."

ஆண்கள் சிரித்தார்கள்.

அந்தக் காருக்கு ஆம்ப், அதாவது சத்தத்தைக் கூட்டும் பெட்டி, மாட்டியவர் முதலாளி. நண்பரின் கார், நானே செய்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூவாத்தாள் டார்ச் மட்டும் பிடித்தாள். ஜெசிந்தா பக்கத்தில் நின்று பார்த்தாள். கார்க்காரர் அப்போது கடையில் இல்லை.

முதலாளி கார்க்காரரைப் பார்த்தார். பிறகு பூவாத்தாளைப் பார்த்தார்.

"இந்தம்மா கை வெச்ச காருங்க. பெருக்கற கையில வயரக் குடுத்தா இப்படித்தான். இந்தாம்மா, நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

பூவாத்தாள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா மீட்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த வயர்தான்.

முதலாளியும் கார்க்காரரும் டீக்குப் போனார்கள்.

"நீங்க பாத்தீங்கதானுங்க டீச்சர்?"

"முதல்ல காரைப் பாப்போம்க்கா."

"காரு எங்க ஓடியா போயிரும்?"

"எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?"

பூவாத்தாள் டார்ச்சை எடுத்தாள். பிறகு டிக்கியைத் திறந்தாள். கோபத்தைக் கைக்கு வர விடவில்லை.

"ஃப்யூஸ் நல்லாருக்கு. பவர் வருது. எர்த்து கெட்டியா இருக்கு."

"ரிமோட்?"

"செத்துக் கெடக்குது."

ரிமோட் என்பது ஒரு மெல்லிய வயர். முன்னால் இருக்கும் ஸ்டீரியோ, டிக்கியில் இருக்கும் ஆம்பை எழுந்திரு என்று சொல்வது அதன் வழியாகத்தான்.

"ஸ்டீரியோ ஓடிட்டேதானுங்க இருக்குது? பென்டிரைவ் பாட்டுப் பேரு டிஸ்பிளேல போவுதே."

"ரேடியோ போடுங்க."

போட்டாள். டிக்கியில் ஆம்பின் பச்சை விளக்கு எரிந்தது. பென்டிரைவுக்கு மாற்றினாள். அணைந்தது. மறுபடி ரேடியோ. எரிந்தது.

பூவாத்தாள் ஸ்டீரியோவை வெளியே இழுத்தாள். பின்னால் இரண்டு நீல வயர்கள். வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்கு. எந்தப் பாட்டு ஓடினாலும் அதில் உயிர் இருக்கும். கோடு இல்லாத வெறும் நீலம் ரேடியோ ஏரியலுக்கு. ரேடியோ பாடும்போது மட்டும் அதற்கு உயிர் வரும். ஆம்பின் ரிமோட் வயர் வெறும் நீலத்தோடு முறுக்கப்பட்டிருந்தது. மேலே மஞ்சள் டேப்.

"ஈயத்த உருக்கி சால்டர் வெக்காம, வெறுமனே முறுக்கி மஞ்ச டேப் சுத்தறது இந்தக் கடையில ஒரே ஆளு."

ஜெசிந்தா தலையை மட்டும் அசைத்தாள்.

"ரேடியோவப் போட்டு, பாருங்க எப்படி அடிக்குதுன்னு காட்டி அனுப்பிச்சாரு. கார்க்காரரு பென்டிரைவத் தவிர ஒண்ணும் கேக்கறவரில்ல."

"ம்."

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"கேமரா முன்னாடி எனக்காக அவ்வளவு பேசுனீங்க. அப்ப நான் ஒண்ணும் பேசச் சொல்லல. இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேணும். அது ஏன் வரலீங்க?"

ஜெசிந்தா குனிந்து ஸ்டீரியோவின் பொத்தானை அழுத்தினாள். ரேடியோ. பின்னால் பச்சை விளக்கு. மறுபடி அழுத்தினாள். அணைந்தது. மூன்றாவது முறை அழுத்தப் போன கையைப் பூவாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"போதுமுங்க. கேமரா இருந்தாத்தான் உங்களுக்கு உசுரு வரும்னு புரிஞ்சுது. புரிஞ்சத வெச்சு உலை வெக்க முடியாது. அவரு வந்ததும் சொல்லிருங்க."

"சொல்லணும்."

"சொல்லணுமா, சொல்லுவீங்களா?"

"இதை மாத்திக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"சால்டர் சூடாவுற நேரம்."

"கட்டுங்க."

பூவாத்தாள் மஞ்சள் டேப்பை வெட்டி எடுத்தாள். வயரைப் பிரித்து, வெள்ளைக் கோடு போட்ட நீலத்தோடு சேர்த்தாள். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே சால்டர் வைத்தாள், ஆற விட்டாள், ஸ்லீவ் உறையை மேலே இழுத்து மூடினாள். பென்டிரைவில் பாட்டைத் தட்டினாள். பின் கண்ணாடி அதிர்ந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கூடவே கார்க்காரர், கையில் பாதி டீயோடு.

"என்னவாம்?"

பூவாத்தாள் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரிமோட்டு வயர ஏரியலுக்குக் கட்டியிருந்துச்சுங்க. கட்டுனது நீங்க. டீச்சரக் கேளுங்க."

கார்க்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜெசிந்தாவைப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்.

"அப்படியா ஜெசி?"

பூவாத்தாள் மஞ்சள் டேப் துண்டை எடுத்து ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு, காத்திருந்தாள்.

டிக்கியில் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா கையை மூடினாள்.

"ரேடியோவுல வெச்சுப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க சார்."