கோழி கூட்டிய சாட்சி

அந்தக் காலத்தில் மிருகங்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. கோழி மட்டும் வீடில்லாமல் காட்டில் கிடந்தது. முட்டையிட்டால் மூச்சுக்காட்டாமல் நகர்ந்துவிடும்.

ஒருநாள் ஒரு கோழி அம்மாக்கண்ணுவின் தோட்டத்து வேலியோரம் வந்து நின்றது.

"எங்க கூட்டத்தையே நரி தின்னு தீர்த்துடுச்சு தாயி. எனக்கு ஒரு மூலை குடு. மொதல்ல கொஞ்சம் குஞ்சு பொரிச்சுக்கிறேன். அப்புறம் இடுற முட்டையெல்லாம் உனக்குத்தான்."

அம்மாக்கண்ணு யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அவள் தோட்டமோ பாதிக் காடு. வாழைக்குள் கீரி, கிணற்று மேட்டில் உடும்பு, தென்னையில் மரநாய். எலியையும் பூச்சியையும் தின்று அவரைக்கொடியைக் காப்பாற்றியவை அவைதான். கோழி வந்தால் இத்தனை நாள் ஒற்றுமை கெட்டுப்போகும் என்று அவளுக்குப் பட்டது. புருஷன் சடையன்தான் விடவில்லை.

"பாவம், இருந்துட்டுப் போகட்டுமே!"

இவனுக்கு எதற்கு இந்த அக்கறை என்று அதிலும் அவளுக்குச் சந்தேகம்.

கடைசியில் கற்பூரம் ஏற்றினாள். "முட்டையைத் தொடமாட்டேன், தொட்டா தோட்டத்தை விட்டே போயிடுறேன்னு எல்லாரும் இந்தக் கற்பூரத்தை அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

ஒவ்வொன்றும் காலால் அடித்து அணைத்தது. கீரிக்கு மயிர்கூடப் பொசுங்கியது. சடையனும் ஒரு அடி அடித்தான்.

கோழி வைக்கோல் போரடியில் முட்டையிடத் தொடங்கியது. முட்டை குறையவும் தொடங்கியது. கீரி உடும்பை முறைத்தது, உடும்பு மரநாயை முறைத்தது. அம்மாக்கண்ணு எல்லோரையும் முறைத்தாள். ஒரு காலையில் அடுப்புச் சாம்பலைச் சலித்து முட்டையைச் சுற்றித் தூவினாள். யாரிடமும் சொல்லாமல் களையெடுக்கப் போய்விட்டாள்.

மதியம் வந்து குனிந்து பார்த்தாள். சாம்பலில் ஒரு மனிதக் கால்தடம். சுண்டுவிரல் இல்லாத இடது கால். அது சடையனுடையது.

சத்தியப்படி அவன் போயாக வேண்டும். திருட்டுப்பயல்தான், ஆனால் அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விளக்குமாற்றை எடுத்துச் சாம்பலை அவசரமாகப் பெருக்கித் தள்ளினாள். பிறகு தோட்டமே கேட்கக் கத்தினாள்.

"எடுத்தது கீரிதான்! வெளியே போ!"

"சத்தியமா நான் இல்ல தாயி!" என்று கீரி மன்றாடியது. அவள் முகம் கொடுக்கவில்லை.

"செய்யாமலே திருடன்னு பேர் வாங்கியாச்சு. இனி செஞ்சா என்ன?" என்று சொல்லிவிட்டு அது வேலியைத் தாண்டியது.

வாழையடியில் நின்ற கோழி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவள் கை விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பார்க்கிறே?"

"ஒண்ணுமில்ல தாயி. இனி முட்டையிட்டா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடுறேன். சாட்சிக்கு ஆள் இருக்கட்டும்."

கீரி முட்டை திருடுவதும், முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டிக் கூப்பாடு போடுவதும் அன்று முதல்தான். தீனி போட வருகிற கையைக்கூடக் கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறது.