பணக்காரனே இல்லாத ஊரில் ஒரு பரிவட்டம்

கொன்றையூர் அரண்மனையில் விகடம் பேசிச் சோறு தின்றவன் நான். பெயர் வெண்காடன். நாட்டிலேயே பெரிய புத்திசாலி என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எப்படி மண்ணைக் கவ்வியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ராஜா சுந்தரசேனருக்குப் பிள்ளை இல்லை. "எனக்குப் பிறகு யார் ஆள்வது என்று ஜனங்களே ஓலை எழுதிக் குடத்தில் போடட்டும்" என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு இரண்டு பேர் கிளம்பினார்கள்.

ஒருவர் செங்கோடனார். "பணக்காரர்களிடம் வரி வாங்கி ஏழைகளுக்குப் பங்கு போடுவேன்!" என்றார். இன்னொருவர் வில்லவராயர். என் மகளைக் கட்டிக்கொடுத்த இடம், அதாவது என் சம்பந்தி. "பணக்காரர்கள் மேல் கை வைக்காதீர்கள். அவர்கள் நன்றாக இருந்தால்தானே நாலு பேருக்கு வேலை கிடைக்கும்!" என்றார்.

சபையில் தினமும் இதே கூச்சல். வெளியே மழை பொய்த்து, ஜனங்கள் கஞ்சிக்குச் சட்டியோடு நின்றார்கள். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"பணக்காரன், பணக்காரன் என்கிறீர்களே, யாரய்யா அது? செங்கோடனாரே, நீரா?"

"ஐயோ, நானா? ஏதோ காலம் தள்ளுகிறேன், பிரபு."

"வில்லவராயரே?"

"என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும், பிரபு."

வியாபாரிகளைக் கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் மேல்துண்டை விரித்து ஓட்டையைக் காட்டினேன். சபைக்கு வருவதற்காகவே வைத்திருந்த ஓட்டை அது.

"வெண்காடா, தேர்த் திருவிழாவுக்குள் இந்த நாட்டுப் பணக்காரர்களை எனக்குக் காட்டு. இல்லையென்றால் உன் மானிய நிலத்தைப் பிடுங்கி ஊருக்குப் பங்கு போடுவேன்!"

வரியே கட்டாமல் பரம்பரையாகத் தின்றுவரும் நிலமாயிற்றே!

எங்கள் ஊரில் தேர் வடம் பிடிக்கும் முன்னால் ஒருவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள். அதுதான் முதல் மரியாதை. அதற்காகவே அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் உண்டு. எனக்கு அது போதும். தேரடியில் ராஜா பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இந்த வருஷப் பரிவட்டம் ஊரிலேயே பெரிய பணக்காரருக்கு!"

அவ்வளவுதான். காலம் தள்ளிக்கொண்டிருந்த செங்கோடனார் துள்ளி முன்னே வந்தார்.

"ஏழு களஞ்சியம் நெல் வைத்திருக்கிறேன். எனக்கில்லாமல் யாருக்கு?"

"ஏழா? என் களஞ்சியத்து எலி உம்மைவிடப் பணக்காரன்!" என்றார் சம்பந்தி.

வியாபாரிகள் பெட்டி பெட்டியாகப் பெருமை பேசினார்கள். ராஜாவின் கணக்கர் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். நான் மீசையை முறுக்கினேன். நிலம் தப்பியது!

அதோடு வாயை மூடியிருக்கலாம். சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"வெண்காடரே, எனக்குப் பரிவட்டம் கட்டும்போது என் அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உம்மால் முடிந்தது அதுதானே!"

என் மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாரைப் பார்த்து என்ன பேச்சு! என் மாட்டுக்கொட்டகைக்கு அடியில் தோண்டிப் பாருமய்யா! உம்மையும் உம் எலியையும் சேர்த்து விலைக்கு வாங்குவேன்!"

கணக்கரின் எழுத்தாணி மட்டும் ஓலையில் கீச் கீச்சென்று ஓடியது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சபாஷ், வெண்காடா! நான் கேட்டதற்கு மேல் ஒருவரைக் காட்டிவிட்டாய். மானிய நிலம் உனக்கே. இனி அதற்கு வரியும் உண்டு. கணக்கரே, இங்கே பேசியவர்களெல்லாம் பேசியபடி வரி கட்டட்டும். கஞ்சித்தொட்டி நிறையட்டும்!"

"பிரபு, பங்கு என்றால்... என் களஞ்சியத்திலிருந்துமா?" என்று இழுத்தார் செங்கோடனார். சம்பந்தி கணக்கரின் ஓலையை எட்டி எட்டிப் பார்த்தார்.

மறுநாள் குடத்தைக் கவிழ்த்தால், முக்கால்வாசி ஓலையில் "ராஜாவே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தது.

பரிவட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? தேரடியிலேயே என் தலையில் கட்டிவிட்டார்கள். மனைவி கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த ஒரு முழத் துணிக்கா ஒரு பானைத் தங்கத்தைக் காட்டிக் கொடுத்தீர்கள்?"

"சம்பந்திக்குக் கட்டவில்லையே!" என்றேன்.

அவள் பரிவட்டத்தை நேராக்கினாள்.

"அப்படியே அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். சம்பந்தியம்மா இன்னும் பார்க்கவில்லை."