எப்சிபாவின் அனுபவம்

மேகங்கள் தெருவில் இறங்கி நடக்கிற ஒரு பனி தேசத்துக்கு நர்ஸ் எப்சிபா வந்து சேர்ந்தாள். நம்மூர் நாசரேத்துக்காரி, மஸ்கட்டில் பல வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஜன்னலுக்கு வெளியே பனி பூவாக உதிர்ந்தது. எல்லாமே கனவு மாதிரி இருந்தது, ஆஸ்பத்திரி நிர்வாகி வாயைத் திறக்கும்வரை.

"வேற நாட்டு அனுபவமெல்லாம் இங்கே செல்லாது. புதுசா படிச்சு வர்றவங்களுக்குக் கொடுக்கிற சம்பளம்தான் உனக்கும்" என்றார் அவர், பக்கத்திலிருந்த தலைமை மருத்துவரைப் பெருமையாகப் பார்த்தபடி. "நாளையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவை நீ தனியா பார்த்துக்கணும்."

எப்சிபா பனியையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "சரிங்க சார். புது நர்ஸைத் தனியா விடக்கூடாதுன்னு இங்கே விதி இருக்கே. என்கூட நிக்கப்போற சீனியர் யாரு?"

"இத்தனை வருஷம் உயிர்களைக் காப்பாத்தின உனக்குத் துணை எதுக்கு?" நிர்வாகி சீறினார்.

"அப்போ அந்த வருஷமெல்லாம் செல்லும்னு நீங்களே சொல்றீங்க சார்."

தலைமை மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நிர்வாகிக்குக் காதெல்லாம் சிவந்தது. அன்று மத்தியானமே எப்சிபாவுக்கு அனுபவத்துக்கேற்ற சம்பளம் முடிவானது.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டவள் சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே மறந்துபோனாள். "அம்மா, இங்கே ஆறு அப்படியே உறைஞ்சு கிடக்கு. ஜனங்க அதுமேல நடந்து போறாங்க. நானும் நடந்துட்டேன்!"