போனுக்கு ஓர் இலை

அன்று காலை உறையூரின் புதுத் தோசைக் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர்: முதலாளி அல்போன்ஸ், தோசை ஊற்றும் வேலுச்சாமி, பரிமாறும் மரகதம், சாப்பிட வந்த ஆட்டோக்காரர் இருவர், உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி வலைப்பதிவு எழுதும் கீர்த்திவாசன். அவர் ஒரு வரி எழுதினால் கடை நிரம்பும். ஒரே வரியில் பக்கத்து டிபன் கடையை மூட வைத்தவரும் அவர்தான்.

கீர்த்திவாசன் முறுகல் தோசையைச் சுற்றிச் சுற்றிப் போனில் படமெடுத்தார். எடுத்து முடித்துத் தொட்டால் தோசை துவண்டு கிடந்தது. மூன்று தோசைக்கும் அதே கதிதான்.

“நான் படமெடுத்து முடிக்கிற வரைக்கும் முறுகல் நிக்கணும். இல்லேன்னா ‘தொஞ்ச தோசை’ன்னுதான் எழுதுவேன்!”

அல்போன்ஸுக்கு வேர்த்துக் கொட்டியது. மரகதமோ கீர்த்திவாசன் முன் இரண்டு இலை போட்டாள்.

“இன்னொண்ணு யாருக்கும்மா?”

“உங்க போனுக்கு சார். மூணு தோசையையும் சுடச்சுடத் தின்னது அதுதானே? உங்களுக்குக் கிடைச்சது அதோட எச்சில். எச்சில் தோசை எங்கயாவது முறுகுமா?”

ஆட்டோக்காரர் இருவருக்கும் சிரிப்பில் புரையேறியது. மரகதம் கல்லிலிருந்து வந்த நாலாவது தோசையை அவர் இலையில் வைத்தாள்.

“போனைக் கவுத்து வச்சிட்டு இதை ஒரு வாய் சாப்பிடுங்க சார். தொஞ்சிருந்தா தாராளமா எழுதுங்க.”

முகம் சிவந்த கீர்த்திவாசன் பிட்டு வாயில் போட்டார். நொறுங்கிய சத்தம் தோசைக்கல் வரை கேட்டது. நாலாவது தோசையை அவர் படமே எடுக்கவில்லை. “இங்கே போனைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்” என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் தெருவே திரண்டு வந்தது. பதினொரு மணிக்கு மாவு தீர்ந்தது. கடைக்காரர்கள் மூவரும் தங்களுக்கு உப்புமா கிண்டிக்கொண்டார்கள். அதைப் போட்டுச் சாப்பிட, வாங்கி வைத்த இருநூறு இலையில் மிஞ்சியவை சரியாக மூன்று. போனுக்கு ஒன்றும் இல்லை.